தண்டலுக்குக் கிரீடம் வைத்தது யார்?

என் மனைவி காப்பி அடித்துப் பிடிபட்டுவிட்டாள்.

சிரிக்காதீர்கள். வீட்டில் நிலைமை சீரியஸ். இவள் சாதாரண ஆள் இல்லை. போன மே மாதம் வரை பள்ளிக்கூடத்தில் தையலும் கைவேலையும் சொல்லிக்கொடுத்த கிளாடிஸ் டீச்சர். பரீட்சை ஹாலுக்குள் இவள் நுழைந்தால் போதும் – பிட் வைத்திருக்கிற பிள்ளை தானாகவே எடுத்து நீட்டிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து, 'நீ அடுத்தவரைப் பார்த்துச் செய்திருக்கிறாய்' என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

நவம்பர் பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். காலையில் நான் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தேன். சமையல்கட்டிலிருந்து குரல்.

"இங்கன கொஞ்சம் வாங்களேன். என் போனுக்கு என்னமோ வந்துருக்கு. எனக்குக் கையெல்லாம் மீனா இருக்கு."

போய்ப் பார்த்தேன். கைவினைப் பொருட்கள் விற்கிற ஓர் இணையதளத்திலிருந்து மெயில். 'அன்புள்ள விற்பனையாளரே' என்று மிக மரியாதையாக ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு மரியாதையாக ஆரம்பித்தாலே நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். விஷயம் இதுதான். நீங்கள் விற்கும் 'தோணிக் குடில்' இன்னொருவருடைய அறிவுசார் சொத்து. அவர் புகார் கொடுத்திருக்கிறார். ஆகவே உங்கள் பக்கத்தை மூடிவிட்டோம். பதில் ஏதும் இருந்தால் இந்த மாதத்துக்குள் எழுதவும். இல்லையென்றால் மூடியது மூடியதுதான்.

"அறிவுசார் சொத்துன்னா என்னது?"

"மூளையிலேருந்து வந்த சரக்கு."

"யாரு மூளையிலேருந்து?"

புகார் கொடுத்தவரின் பெயர் கீழே இருந்தது. 'பியூலாஸ் கோரல் கிரியேஷன்ஸ், தூத்துக்குடி.' வாசித்துக் காட்டினேன். கிளாடிஸ் கையிலிருந்த சாளை மீனை அப்படியே சட்டியில் போட்டாள்.

"நம்ம பியூலாக்காவா?"

நம்ம பியூலாக்காவேதான். எங்கள் சபையில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மனைவி. எங்கள் வீட்டில் தலைவலி என்றால் முதலில் தைலத்தோடு வருகிறவர்.

இப்போது அந்தக் குடிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கிறிஸ்துமஸ் குடில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வைக்கோல் கொட்டகை, மாடு, ஆடு, மரியாள், யோசேப்பு, குழந்தை. ஓரமாக ஒட்டகத்தோடு மூன்று ஞானிகள். உலகம் முழுக்க இதே செட்டிங்தான். கிளாடிஸ் இதைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் செய்து பார்த்தாள். நிமிர்த்தி வைத்த பாதிச் சிரட்டை, அதுதான் கொட்டகை. குழந்தைக்குத் தொட்டில் ஒரு மட்டிச் சிப்பி. ஆடுகளெல்லாம் சோழி. எல்லாம் அழகாக வந்தது, ஒட்டகத்தைத் தவிர.

சிப்பியில் எப்படி ஒட்டினாலும் அது ஒட்டகமாகவில்லை. ஒருமுறை நாயாக வந்தது. இன்னொரு முறை என்னவாக வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கடைசியில் எரிச்சல் தாங்காமல், "நம்ம ஊருக்கு எவன் ஒட்டகத்துல வாரான்? தோணியிலதான வருவான்!" என்று ஓலையில் சின்னதாக ஒரு தோணி முடைந்து, ஞானிகளை அதில் ஏற்றிவிட்டாள்.

எண்ணிப் பார்த்தேன். தோணியில் நாலு பேர். மூன்று பேர் தலையில் சிப்பிக் கிரீடம். நாலாவது ஆள் தலையில் நூல் துண்டால் ஒரு முண்டாசு.

"இது யாரு?"

"தண்டல்."

வெளியூர் வாசகர்களுக்காக – தண்டல் என்றால் தோணியின் கேப்டன். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகிற பெரிய மரத்தோணிகள் உண்டே, அவற்றை ஓட்டுகிறவர்.

"ஞானிமாரு அவுக பாட்டுக்கு ஏறி உக்காந்துக்கிட்டா தோணி தானா போயிருமா? ஓட்ட ஒரு ஆளு வேண்டாமா?" என்றாள் கிளாடிஸ்.

நியாயம்தானே? எனக்கு அந்தத் தண்டலை ரொம்பப் பிடித்துப்போனது. மற்ற மூன்று பேரும் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த முதல் குடிலை அவள் யாருக்கும் விற்கவில்லை. போன வருஷம் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுத்தாள்.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் பக்கம் ஏலம்தான். அவரவர் வீட்டில் விளைந்தது, வளர்த்தது, செய்தது எல்லாம் வந்து சேரும். வாழைத்தார், முருங்கைக்காய், சேவல், ஆட்டுக்குட்டி, தலையணை உறை. மைக் வைத்து ஏலம் விடுவார்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் பூசணிக்காய் அங்கே யானை விலைக்குப் போகும். ஏன்? பக்கத்து பெஞ்சுக்காரர் கையைத் தூக்கிவிட்டாரே... விட முடியுமா? எடுத்தவர் அதைத் திரும்பச் சபைக்கே கொடுப்பார். மறுபடியும் ஏலம். ஒரே சேவல் ஒரு சாயங்காலத்துக்குள் சபையில் பாதிப் பேருக்குச் சொந்தமாகிவிட்டு, ஒன்றும் புரியாமல் கூவும்.

கிளாடிஸின் குடிலுக்குப் பலத்த போட்டி. மரக்கடைக்காரரும் பியூலாக்காவும் விடவில்லை. கடைசியில் "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" – மணி அடித்தது. பியூலாக்கா குடிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். திரும்ப ஏலத்துக்குக் கொடுக்கவில்லை. 'அவ்வளவு பிரியம்' என்று நாங்கள் நெகிழ்ந்துபோனோம்.

பிரியம்தான். வீட்டு மாடியில் வேலைக்கு ஆள் வைத்து, அதே போல வரிசையாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகன் அதையெல்லாம் இணையத்தில் ஏற்றினார். உள்ளூரில் ஒன்றுகூட விற்கவில்லை. அதனால் எங்கள் காதுக்கு எட்டவில்லை. 'தோணிக் குடில்' என்ற பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு மருமகனே விண்ணப்பமும் போட்டுவிட்டார். படித்த பிள்ளை, சூதானமான பிள்ளை.

இது எதுவும் தெரியாமல், ரிட்டயர் ஆன கிளாடிஸ் அதே இணையதளத்தில் சின்னதாக ஒரு பக்கம் திறந்தாள். துபாயிலும் சென்னையிலும் இருக்கிற அவளுடைய பழைய மாணவிகள் கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். எல்லாருமே எழுதிய குறிப்பு ஒன்றுதான்: 'டீச்சர் கையால செஞ்சதுதான் வேணும்.' அதை வாசித்து வாசித்து இவளுக்குப் பென்ஷன் வந்ததைவிடப் பெரிய பூரிப்பு.

பக்கம் மூடிய அன்றே ஒரு மாணவியிடமிருந்து மெசேஜ்: 'டீச்சர், உங்க பக்கத்துல காப்பிரைட் மீறல்னு காட்டுது. காப்பி அடிச்சுட்டீங்களா டீச்சர்?' – பின்னால் ஒரு சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி.

அந்தப் பெண் விளையாட்டாகத்தான் கேட்டிருக்கும். ஆனால் கிளாடிஸ் அன்றைக்குச் சாளைக் குழம்பைத் தொடவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டை மறுக்கிற ஆளே இல்லை அவள்.

சாயங்காலம் இரண்டு பேரும் பியூலாக்காவின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அதே சிரட்டை. அதே மட்டித் தொட்டில். அதே ஓலைத் தோணி. அதே நாலு பேர். ஆனால்... நாலு பேர் தலையிலும் கிரீடம்!

அதுவரை அழுகிற மாதிரி இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தண்டலுக்கு யாரு கிரீடம் வச்சது?"

திருடினதுகூட அவளுக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. பிட் அடிக்கிற பிள்ளை அதையும் தப்பாகக் காப்பி அடித்து வைத்தால் டீச்சர்களுக்கு வருமே ஒரு கோபம் – அந்தக் கோபம்.

"அப்போ தோணிய ஓட்டுதது யாரு? நாலு ராசாவும் உக்காந்துக்கிட்டு வேடிக்கை பாக்குதாவளாக்கும்!"

காப்பிரைட், டிரேட்மார்க் என்றெல்லாம் நம் ஊரில் பேசுவதே ஒரு தமாஷ்தான் என்பது என் கட்சி. எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கப் போனால் வரிசையாகப் பத்துக் கடை. ஒன்று 'ஒரிஜினல்'. அடுத்தது 'அசல் ஒரிஜினல்'. அதற்கும் அடுத்தது 'ஆதி அசல்'. எல்லா போர்டிலும் 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை.' பரோட்டாக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு திறக்கிற கடைக்கெல்லாம் 'நைட் கிளப்' என்று பெயர். யார் யார்மேல் கேஸ் போடுவது? அவ்வளவு ஏன், நான் எழுதுகிற இந்தப் பத்தியே வாரா வாரம் வாட்ஸ்அப்பில் எனக்குத் திரும்பி வருகிறது – அடியில் யாரோ ஓய்வுபெற்ற நீதிபதியின் பெயரோடு. 'அருமை, அவசியம் படியுங்கள்' என்று என் சொந்த மைத்துனனே எனக்கு அனுப்புகிறான்!

ஆனால் ஒன்று. பத்துக் கடைக்காரர்களும் அக்கம்பக்கத்தில் பார்த்துத்தான் மக்ரூன் போடுகிறார்கள். யாரும் யாரையும் 'கடையை மூடு' என்று சொன்னதில்லை. முதலில் செய்தவளைப் பார்த்து இரண்டாவதாகச் செய்தவர் 'திருடி' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

பியூலாக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கிளாடிஸ் பக்கத்த மூடச் சொன்னது நீங்களா?"

"மருமவன்தான் தம்பி எல்லாம் பாக்குதாரு. நம்மளப் பாத்து யாரும் செஞ்சா உடனே புகார் போட்ரணும்னு சொல்லிருக்காரு."

"உங்களப் பாத்தா? அத மொதல்ல செஞ்சதே அவதானக்கா?"

"செஞ்சா. யாரு இல்லன்னா? நான் ஏலத்துல எடுத்தேம்லா! துட்டு குடுத்து எடுத்தேன். சபையே பாத்துச்சு. மணி அடிச்சாச்சு. அதுக்குப் பொறவு அதுல அவளுக்கு என்ன இருக்கு? சேவல ஏலத்துல குடுத்தவுக, பொறவு வந்து முட்டையக் கேப்பாவளா?"

சேவல் முட்டை போடாது அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டார்.

கோர்ட்டில் பழம் தின்று கொட்டை போட்ட வக்கீல் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

"ஏலத்துல எடுத்தது பொருள. வடிவத்த இல்ல," என்றார். "புஸ்தகம் வாங்குனவன் எழுத்தாளராயிர முடியுமாவே? வடிவம் உம்ம சம்சாரத்தோடதுதான். கேஸ் போட்டா ஜெயிச்சிரலாம். ஆனா..."

வக்கீல்கள் எந்தத் தைரியத்தைக் கொடுத்தாலும் பின்னாலேயே ஓர் 'ஆனா'வையும் கொடுப்பார்கள்.

"கிறிஸ்துமஸுக்குள்ள முடிஞ்சிருமா?"

"எந்தக் கிறிஸ்துமஸு?" என்றார்.

சரி, கேஸ் வேண்டாம், இணையதளத்துக்குப் பதிலாவது எழுதுவோம் என்று கிளாடிஸிடம் சொன்னேன். அவள் தயங்கினாள். அப்போதுதான் அவளை எது குடைகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"நான் அத ஆண்டவருக்குன்னு குடுத்துட்டேன்லா? காணிக்கையாக் குடுத்தத 'என்னுது'ன்னு திரும்பக் கேக்கலாமாங்க?"

என்ன பதில் சொல்வீர்கள்? வக்கீலிடம் கேட்டால் 'ஆனா' என்பார். நான் ஏதோ கிண்டலாகச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பாதியில் நின்ற குடில்கள் மேசையில் அப்படியே கிடந்தன. பசை டப்பா காய்ந்தது. ஆர்டர் கொடுத்த பிள்ளைகளுக்கு 'கொஞ்சம் பொறும்மா' என்று பதில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒருத்தி ஆர்டரை ரத்து செய்தாள். பதில் எழுத வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பியூலாக்காமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முன் பெஞ்சில் அவர் கொண்டையைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடுவதே பெரும்பாடாக இருந்தது.

கடைசியில் விஷயம் ஐயரிடம் போனது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் போதகரை ஐயர் என்போம். இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னார். பியூலாக்கா தன் குடிலும் மக்ரூன் டப்பாவுமாக வந்தார். நாங்கள் எங்கள் குடிலை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். முதல் ரவுண்டிலேயே எங்களுக்குச் சறுக்கல்.

ஐயர் இரண்டு குடில்களையும் முன்னால் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிடித்துவிட்டார்!

"பியூலாம்மா, ஒங்க தோணியில நாலு ஞானி இருக்காங்களே?"

"ஆமாங்கய்யா."

"ஞானிகள் மூணு பேருல்லாம்மா?"

"வேதத்துல மூணுன்னு எங்கய்யா போட்டுருக்கு?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மைதான். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. எத்தனை பேர் கொண்டுவந்தார்கள் என்று எழுதியிருக்கவில்லை. "இல்லதான்..." என்று இழுத்தார். எங்கள் கேஸ் அங்கேயே படுத்துவிட்டது.

அக்கா அதோடு விடவில்லை. கிளாடிஸ் பக்கம் திரும்பினார்.

"ஏளா, என்னச் சொல்லுதியே... பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு நீ புப்புப் பூனைய சிப்பியில செஞ்சு ஸ்டால் போட்டு வித்தியே? டி.வி.ல வருதே, நீலக் கலர்ல. அந்தப் பூனை என்ன உங்க வீட்டுலயா குட்டி போட்டுச்சு?"

நான் ஐயர் வீட்டு மின்விசிறியைப் பார்த்தேன். புப்பு என்பது பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் பூனை. கிளாடிஸ் அதைச் செய்து விற்றது நிஜம். நானே நின்று பொட்டலம் போட்டிருக்கிறேன்.

கிளாடிஸ் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அது தப்புதான்க்கா. அப்போ எனக்குத் தோணல. இனி செய்ய மாட்டேன்."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வாள் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. மக்ரூன் டப்பாவைத் திறந்து ஐயர் பக்கம் நகர்த்தினார்.

"ஆனா இது வேற," என்றாள் கிளாடிஸ். "இத நான் யாரையும் பாத்துச் செய்யல. எனக்கு ஒட்டகம் வரலன்னு நானே உக்காந்து யோசிச்சது. ஆண்டவருக்கு நான் ஒரு குடில்தான் குடுத்தேன். அத நீங்க எடுத்தீய. சந்தோசம். நீங்க அதப் பாத்துச் செஞ்சீய... அதுக்குக்கூட நான் சண்டைக்கு வரல. ஆனா என்னச் செய்யக்கூடாதுன்னு சொன்னீய பாருங்க... நான் என் கையையா ஏலத்துல விட்டேன்?"

ஐயர் ஜெபம் பண்ணுவோம் என்றார். அவருக்கும் வேறு வழி இல்லை.

ஒரு முடிவும் இல்லாமல்தான் கலைந்தோம். ஆனால் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டதில் கிளாடிஸுக்குத் தெளிவு வந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் இணையதளத்துக்கு அவளே உட்கார்ந்து பதில் எழுதினாள். 'பெற்றுக்கொண்டோம், பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது. பரிசீலிக்கட்டும் என்று புதுப் பசை டப்பா வாங்கிவந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து.

ஒருநாள் காலையில் வாசலில் ஆட்டோ. பியூலாக்கா இறங்கி ஓடி வருகிறார். முகமெல்லாம் சிவந்திருக்கிறது. கையில் ஒரு பாலித்தீன் பை.

"ஏளா கிளாடிஸ்! இந்த அநியாயத்தக் கேட்டியா?"

பையைக் கவிழ்த்தார். உள்ளே தோணிக் குடில். சிரட்டை பிளாஸ்டிக். மட்டி பிளாஸ்டிக். ஓலைத் தோணி பிளாஸ்டிக். ஆடு என்று நினைத்து ஏதோ உருட்டி வைத்திருந்தார்கள். தோணியில் நாலு பேர். நாலு பேருக்கும் தங்கக் கலரில் கிரீடம். அடியில் ஒரு பட்டனை அழுத்தினால் பாட்டு வேறு. மொத்த வியாபாரக் கடையில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறதாம். கப்பலில், கண்டெய்னரில், நம்ம துறைமுகத்திலேயே வந்து இறங்கியிருக்கிறது.

"நம்ம குடில திருடிட்டானுவ, ஏளா!" என்று பியூலாக்கா நெஞ்சில் கை வைத்தார்.

நம்ம குடில்! நான் அந்த 'நம்ம'வைக் கவனித்தேன். கிளாடிஸும் கவனித்தாள்.

"வெப்சைட்லயும் ஏத்திருக்கானுவ. மருமவன்ட்டச் சொல்லி அங்க ஒடனே புகார் போட்டேன். வெப்சைட்டுக்காரன், நீதான் மொதல்ல செஞ்சேங்கதுக்கு என்ன ஆதாரம்னு கேக்குதான். மொதல்ல வரைஞ்ச படம், மொதல்ல செஞ்ச பொருளு, எப்படி யோசிச்சேன்னு விவரம்... நான் எங்க போவேன்? எங்கிட்ட இருக்க மொதல் குடிலு நீ செஞ்சதுலா?"

அக்கா சொல்லச் சொல்ல அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீதான் செஞ்சேன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுளா. அவனுவள உண்டு இல்லன்னு ஆக்கிருதேன்."

நானாக இருந்தால் அந்த நேரத்தில் என்னென்ன பேசியிருப்பேன்! வாரக்கணக்கில் மனசுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்தேன். கிளாடிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

திரும்பி வந்தபோது கிளாடிஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எழுதித் தாரேன்க்கா. எம்மேல போட்ட புகார மொதல்ல எடுத்துருங்க."

"இப்பமே எடுக்கச் சொல்லுதேன்."

"இன்னொண்ணு. நான்தான் செஞ்சேன்னு நானே எழுதுனா என்ன இருக்கு? நீங்க சொல்லணும். ஞாயித்துக்கிழம, ஆராதனை முடிஞ்சு, அறிவிப்பு நேரத்துல. மைக்ல."

பியூலாக்காவின் முகம் மாறியது.

"மைக்லயா? சபைக்கு முன்னாடியா? எங்க வீட்டுக்காரவுக பஜார்ல எப்படித் தலை நிமிந்து நடப்பாவ?"

"ஏலமும் மைக்லதானக்கா நடந்துச்சு? நான் காப்பி அடிச்சேன்னு துபாய் வரைக்கும் போயிருச்சு. எனக்கும் தலை இருக்குல்லா?"

அக்கா தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. பிளாஸ்டிக் குடிலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. பட்டன் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது.

சொன்னபடி புகார் வாபஸ் ஆனது. கிளாடிஸின் பக்கம் திறந்தது. 'சிரமத்துக்கு வருந்துகிறோம், அன்புள்ள விற்பனையாளரே.' ஆர்டர் கொடுத்த பிள்ளைகளுக்கெல்லாம் பொட்டலம் போக ஆரம்பித்தது. ஆனால் அவள் முகத்தில் இன்னும் முழுசாக வெளிச்சம் வரவில்லை. அக்கா மைக்கைப் பிடிப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பஜார் கௌரவம் என்றால் சும்மாவா?

போன ஞாயிறு. ஆராதனை முடிந்தது. அறிவிப்புகள் ஆரம்பித்தன. வாலிபர் கூடுகை, பாடகர் குழுப் பயிற்சி, யாரோ தொலைத்த சாவிக்கொத்து... எல்லாம் முடிந்து கடைசி ஜெபத்துக்கு ஐயர் கையைத் தூக்கப் போகிறார். முன் பெஞ்சில் கொண்டை அசைந்தது.

பியூலாக்கா எழுந்தார். பட்டுச்சேலை. நேராக நடந்து போய் மைக்கைப் பிடித்தார். பாத்திரக்கடை அண்ணாச்சி தன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். போன வருசம் ஏலத்துல நான் எடுத்தேம்லா தோணிக் குடிலு, அத மொதமொதல்ல யோசிச்சுச் செஞ்சது நம்ம கிளாடிஸ் டீச்சர். அவ யாரையும் பாத்துச் செய்யல. நான்தான் அவளப் பாத்துச் செஞ்சேன். அதுல முண்டாசு கட்டிருக்கது தண்டலாம். அதுகூட எனக்கு இப்பதான் தெரியும்."

என் பக்கத்தில் கிளாடிஸ் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பியூலாக்காமேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இவ்வளவு பேர் முன்னால் இப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வருமா? சத்தியமாக வராது.

ஐயர் மைக்குக்காகக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"ஆனா ஒண்ணு! அவளப் பாத்து மொதமொதல்ல செஞ்சது நான்தான். எனக்குப் பொறவு செஞ்சவனெல்லாம் போலி. பாத்து, ஏமாந்துராதீய!"

மேற்கண்ட வாக்கியத்தின் முழு உரிமையும் பியூலாக்காவுக்கே. அனுமதி கேட்டு வாங்கித்தான் இங்கே எடுத்து எழுதியிருக்கிறேன்.